தோளைத் தொடலாமா ஐயா: வீட்டு பிசியோதெரபிக்குப் போகும் பெண்களுக்கு

கோவையில் 14 வருடமாக வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறேன். பெரும்பாலும் பக்கவாதம் வந்தவர்கள், மூட்டு மாற்று அறுவை முடிந்தவர்கள். என்னிடம் பயிற்சிக்கு வரும் பெண்கள் முதல் வாரமே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, ஆம்பளை பேஷன்ட் வீட்டுக்குத் தனியா எப்படிப் போறது?" தசை, நரம்பு எல்லாம் கல்லூரியில் படித்துவிட்டு வருகிறார்கள். இதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

வேலை போனிலேயே தொடங்கிவிடும். முகவரி கேட்கும்போதே, அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். 45 நிமிடம், கூடத்திலோ கதவு திறந்த அறையிலோதான் செய்வேன் என்று சொல்லிவிடுங்கள். "மசாஜ் பண்ணுவீங்களா?" என்பார்கள். கோபப்பட வேண்டாம். எண்ணெய் போட்டு நீவினால் கை வந்துவிடும் என்று நம்பித்தான் பலரும் கேட்கிறார்கள். எங்கே, எதற்காக, எவ்வளவு நேரம் என்று பதில் சொல்லுங்கள். கேட்கிற தோரணையே சரியில்லை என்று பட்டால் போக வேண்டாம்.

உள்ளே போனதும் கையைக் கழுவி, சூடு வரத் தேய்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் கேளுங்கள். "தோளைத் தொடலாமா ஐயா? எலும்பு இறங்கியிருக்கான்னு பார்க்கணும்." காரணத்தையும் சேர்த்துச் சொல்வது முக்கியம். தோளிலிருந்து இடுப்புக்குப் போகும்போது மறுபடி கேட்க வேண்டும். பேச்சு வராதவரிடமும் கேட்க வேண்டும். கண்ணோ தலையோ அசையும் வரை காத்திருங்கள். வேட்டி விலகாமல் ஒரு துண்டைப் போர்த்தி, வேலை செய்யும் பகுதியை மட்டும் திறங்கள். தூக்கி உட்கார வைக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள் மூட்டு நழுவிவிடும். அப்படி இழுத்த மகன்களை நிறையப் பார்த்திருக்கிறேன், பாசத்தில்தான் இழுப்பார்கள்.

பெண் நோயாளிகள் விஷயத்தில் சிக்கல் வேறு மாதிரி. கவுண்டம்பாளையத்தில் ஒரு அம்மா, 63 வயது. ஆண் தெரபிஸ்ட் வேண்டாம் என்று ஐந்து வாரம் யாரையும் வரவிடவில்லை. பக்கவாதத்தில் முதல் மூன்று மாதத்தில்தான் உடல் வேகமாக மீளும். நான் போனபோது தோள் இறுகி, கை பாதி உயரம்கூட எழவில்லை. அந்த ஐந்து வாரத்தைக் கூச்சம் தின்றுவிட்டது. அதற்காக அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. புருஷனைத் தவிர வேறு ஆண் கை படக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்டவர். பெண் தெரபிஸ்ட் கிடைக்காத ஊரில் ஒரு வழி இருக்கிறது: மகள் கை அம்மாவின் தோளில், ஆண் தெரபிஸ்டின் கை மகளின் கை மேல், அதுவும் கூடாதென்றால் வாயால் மட்டும் வழிகாட்டட்டும். இரண்டு மூன்று நாளில் மகளே தேறிவிடுவாள். கூச்சம் போகும் வரை கை மரத்துக் கிடக்க வேண்டியதில்லை.

யாராவது தப்பாகத் தொட்டால், அல்லது தொடச் சொன்னால், கையை எடுத்துவிட்டு இரண்டடி பின்னால் நில்லுங்கள். "இது சிகிச்சையில் இல்லை, நான் கிளம்புகிறேன்." சிரித்து மழுப்ப வேண்டாம். மூளை பாதிப்பாலும் சிலர் அப்படி நடப்பதுண்டு. அப்போதும் கிளம்பலாம், மருத்துவரிடம் சொல்லலாம். அன்றைக்கே தேதி, நேரம் போட்டு எழுதி வையுங்கள். என் ஆரம்ப காலத்தில் வேலை பார்த்த இடத்தில் "பெரியவர்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார்கள். நானும் மறுநாள் போனேன். போயிருக்கக் கூடாது. 2013ஆம் வருடப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, வேலை நிமித்தம் நீங்கள் போகும் வீடும் பணியிடம்தான். பத்துப் பேருக்குக் குறைவாக இருக்கும் நிறுவனம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். 181 பெண்கள் உதவி எண்.

ஆனால் கையைப் பிடிக்கும் எல்லாருமே அந்த ரகம் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

சிங்காநல்லூரில் ஒரு ஐயா, பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் நாலு வருடம். வலது பக்கம் விழுந்துவிட்டது. மருமகள் வேளாவேளைக்குச் சாப்பாடு போடுவார், ஆனால் மாமனாரைத் தொடுவது வழக்கமில்லை. மகன் தூக்கி உட்கார வைப்பதோடு சரி. ஒருநாள் விரல் பயிற்சி முடிந்ததும் நல்ல கையால் என் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்ச நேரம் இருக்கட்டுங் கண்ணு" என்றார். கண் சுவரைப் பார்த்தபடி இருந்தது. அவமானத்தில் காது மடல் சிவந்திருந்தது. இரண்டு நிமிடம் அப்படியே விட்டேன்.

மெதுவாக வருடுவதை உணர்வதற்கென்றே தோலில் தனி நரம்பிழைகள் உண்டு. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால்தான் அவை நன்றாக விழிக்கும். அது ஆணின் உடம்பிலும்தான் இருக்கிறது. சிறு வயதில் தோள்மேல் கை போட்டுத் திரிந்த ஆணுக்கு, வயதான பிறகு சலூனில் தலையை அமுக்கிவிடும் கைதான் மிச்சம். அதற்கும் காசு கொடுக்க வேண்டும், எனக்கும் காசு கொடுக்க வேண்டும்.

இப்படி ஒருவர் அமைந்தால் தொடுகைக்கான அந்தப் பசியை நீங்களே சுமக்காதீர்கள், வீட்டில் இருப்பவர்கள் கைக்கு மாற்றுங்கள். "தொடுங்கள்" என்றால் யாரும் தொட மாட்டார்கள். "பயிற்சி" என்று சொல்லுங்கள். சிங்காநல்லூர் ஐயாவின் பேரனுக்கு ஒன்பது வயது. சாயங்காலம் தாத்தாவின் ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக நீட்டி, பத்து எண்ணி, மடக்க வேண்டும் என்று நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். மகனுக்கு, குளிக்கும் முன் முழங்காலுக்குக் கீழே தேங்காய் எண்ணெய். முதல் நாள் மகன் தலை நிமிராமல் தேய்த்தார்.

வருகையை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள், திடீரென்று நின்றுவிடாதீர்கள். நான் கடைசியாகப் போன அன்று நோட்டில் 41 கட்டம் நிரம்பியிருந்தது. பேரன் ஏழிலிருந்து மறுபடி மூன்றுக்குப் போய் எண்ணிக்கொண்டிருந்தான். தாத்தா திருத்தவில்லை.