‘சார்ஜ்’ என்ற சொல்லோடு எதைச் சேர்க்கக் கூடாது?

போனில் சார்ஜ் ஏறும், இறங்கும், ரெண்டு நாள் நிற்கும். தமிழ்ப் பேச்சில் இது எல்லாமே சரி. அதே வினைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால்தான் சிக்கல். கட்டணம், குற்றச்சாட்டு, பொறுப்பு, மின்னேற்றம் என்று இந்தப் பெயர்ச்சொல்லுக்குப் பல பொருள்கள். வண்டியில் சுமை ஏற்றுவதைக் குறித்த லத்தீன் வேரிலிருந்து பிறந்ததால், எல்லாப் பொருளிலும் ஏதோ ஒரு சுமை இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பொருளும் தனக்கென்று வினையும் ப்ரெபோசிஷனும் வைத்திருக்கிறது. அவற்றை மாற்றிப் போட்டால் பொருளே மாறிவிடும்.

‘புட் த போன் இன் சார்ஜ்’ என்று சொன்னால், போனைத் தலைமைப் பொறுப்பில் உட்கார வை என்று ஆகிறது. பிரிட்டிஷ் வழக்கில் ‘ஆன் சார்ஜ்’. எங்கும் செல்லுபடியாவது ‘சார்ஜ் த போன்’ அல்லது ‘ப்ளக் இட் இன்’. ‘தேர் இஸ் நோ சார்ஜ்’ என்று மட்டும் சொன்னால், கட்டணம் கிடையாது என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். போன் அணைந்துவிட்டது என்றால் ‘மை பேட்டரி இஸ் டெட்’. கொஞ்சம் மிச்சமிருந்தால் ‘லோ’. சார்ஜ் நிற்பதற்கு ‘ஸ்டாண்ட்’ போடக் கூடாது: ‘த பேட்டரி லாஸ்ட்ஸ் டூ டேஸ்’. பழைய பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லையா? ‘இட் டசன்ட் ஹோல்ட் இட்ஸ் சார்ஜ்’. இயற்பியல் பாடத்தில் வினை ‘கேரி’: எலக்ட்ரான் ‘கேரீஸ் எ நெகட்டிவ் சார்ஜ்’. அங்கே ‘மைனஸ் சார்ஜ்’ என்று எழுத வேண்டாம்.

பணத்துக்கு வந்தால், அதிகம் காணும் பிழை ‘தே சார்ஜ்டு ஃப்ரம் மீ’. ‘என்கிட்ட இருந்து வாங்கினாங்க’ என்ற நம் வாக்கியத்தின் நிழல் அது. ‘ஃப்ரம்’ வேண்டவே வேண்டாம்: ‘தே சார்ஜ்டு மீ டென் டாலர்ஸ் ஃபார் டெலிவரி’. ஆள், தொகை, ‘ஃபார்’, காரணம் என்பதே வரிசை. அடுத்தது ‘அட் ஃப்ரீ ஆஃப் சார்ஜ்’. ‘ஃப்ரீ ஆஃப் சார்ஜ்’ என்பதற்கு முன்னால் ‘அட்’, ‘ஃபார்’ எதுவும் வராது. ‘அட்’ போட்டே தீர வேண்டுமென்றால் ‘அட் நோ எக்ஸ்ட்ரா சார்ஜ்’. இந்தத் தொடரில் பன்மையும் கூடாது. கட்டணங்கள் எல்லாவற்றையும் ‘சார்ஜ்’ என்பதும் பிழைதான்: பஸ்ஸுக்கு ‘ஃபேர்’, டாக்டருக்கு ‘ஃபீ’, சாலைச் சுங்கத்துக்கு ‘டோல்’.

குற்றச்சாட்டில் ப்ரெபோசிஷன்தான் ஆளைக் கவிழ்க்கும். ‘ஹி வாஸ் சார்ஜ்டு ஃபார் மர்டர்’ என்று எழுதினால், கொலை செய்து கொடுத்ததற்கு அவரிடம் பில் போட்டதுபோல் ஒலிக்கிறது! சரியானது ‘சார்ஜ்டு வித் மர்டர்’. குழப்பம் வருவதற்குக் காரணம் உண்டு, பக்கத்து வினைகள் வேறு வேறு ப்ரெபோசிஷனைக் கேட்கின்றன: ‘அரெஸ்டட் ஃபார்’, ‘அக்யூஸ்டு ஆஃப்’, ‘கன்விக்டட் ஆஃப்’. ‘வித்’ கேட்பது ‘சார்ஜ்டு’ மட்டும். அதுவும் வினையாக வரும்போதுதான். பெயர்ச்சொல்லானால் ‘ஆன் எ சார்ஜ் ஆஃப் மர்டர்’ என்று ‘ஆஃப்’ திரும்பி வந்துவிடும். ஒருவர் மேல் குற்றம் சுமத்துவதை ‘புட் சார்ஜஸ் ஆன் ஹிம்’ என்று சொல்வதில்லை. ‘ப்ரிங் சார்ஜஸ் அகெய்ன்ஸ்ட் ஹிம்’ என்பதே வழக்கு. பாதிக்கப்பட்டவர் நடவடிக்கை வேண்டுமென்று நின்றால் ‘ப்ரெஸ் சார்ஜஸ்’, கைவிட்டால் ‘ட்ராப்’, குற்றச்சாட்டை எதிர்கொள்பவர் ‘ஃபேஸ்’. இவற்றில் பெரும்பாலும் பன்மை.

பொறுப்பு என்ற பொருளில் ஒரு சின்ன ‘த’ எல்லாவற்றையும் தலைகீழாக்கும். ‘த நர்ஸ் இஸ் இன் சார்ஜ் ஆஃப் த சில்ட்ரன்’ என்றால் நர்ஸ் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். ‘த நர்ஸ் இஸ் இன் த சார்ஜ் ஆஃப் த சில்ட்ரன்’ என்றால் குழந்தைகள்தான் நர்ஸைப் பார்த்துக்கொள்கிறார்கள். ‘இன் சார்ஜ் ஃபார்’ என்று ஒன்று கிடையாது. ‘ஃபார்’ கேட்பது ‘ரெஸ்பான்சிபிள்’. ‘ஐ அம் தி இன்சார்ஜ்’ என்று பதவிப் பெயர்போல ஒட்டி எழுதுவது இந்திய அலுவலகங்களில் ஓடும், வெளியே விழிப்பார்கள். ‘ஐ அம் இன் சார்ஜ் ஹியர்’ போதும். புதிய பதவியை ஏற்றதற்கு ‘டுக் சார்ஜ் ஆஸ் மேனேஜர்’ என்பதும் அப்படித்தான். ‘டுக் ஓவர் ஆஸ் மேனேஜர்’ என்று எழுதுங்கள். ‘டுக் சார்ஜ்’ வேண்டுமென்றால் அதன் பின்னால் ‘ஆஃப்’ போட்டு எதை ஏற்றீர்கள் என்று சொல்லுங்கள்: ‘டுக் சார்ஜ் ஆஃப் த பிராஞ்ச்’.