பப்பில் முதல் பாட்டு: ஓப்பன் மைக் மேடை ஏறுவது எப்படி?

பெங்களூரில் இந்திரா நகர், கோரமங்களா பக்கம் சில பப்களின் வாசலில், வார நாள் மாலைகளில் 'ஓப்பன் மைக்' என்று எழுதிய பலகை நிற்கும். சனிக்கிழமை கூட்டம் தானாக வந்துவிடும். செவ்வாய், புதன்கிழமைகளில் காலி மேசைகளை நிரப்பக் கடைக்காரர்கள் கண்ட வழி இது. பெயர் கொடுத்தால் யாரும் பாடலாம். புதிதாகப் போகிறவர்களின் காலை வாருவது பெரும்பாலும் பாட்டு அல்ல, கேபிளும் மைக்கும்தான். அதனால் அவற்றுக்கே இங்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. முதல் வாரம் வெறுங்கையோடு போங்கள்

கிட்டாரை வீட்டில் வைத்துவிட்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து கேளுங்கள். பெயர்ப் பட்டியலை எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், ஒருவருக்கு எத்தனை பாட்டு என்று நடத்துபவரிடம் விசாரியுங்கள். இரண்டு மூன்று பாட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் என்பது வழக்கம்.

2. பாட்டைத் தேர்ந்தெடுங்கள்

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1982 முதல் இருக்கும் புளூபேர்ட் கஃபேயில், பாட்டின் நடுவே பேசினால் 'உஷ்' என்று அடக்கிவிடுவார்கள். நம் பப்பில் அந்த மரியாதையை எதிர்பார்க்க வேண்டாம். பக்கத்து மேசையில் பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருப்பார்கள். நீண்ட முன்னிசை கொண்ட பாட்டை முதலில் எடுக்காதீர்கள். பத்து நொடிக்குள் உங்கள் குரல் கேட்க வேண்டும்.

3. பையில் என்ன இருக்க வேண்டும்?

சொந்தக் கேபிள், பிக் (கம்பியை மீட்டும் சிறு வில்லை), கேபோ (கழுத்தில் கம்பிகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி), சுருதி சேர்க்கக் கிட்டாரின் தலையில் மாட்டும் கிளிப் டியூனர். கைபேசியில் உள்ள சுருதிச் செயலி சுற்றியுள்ள இரைச்சலையும் சேர்த்துக் கேட்டுக் குழம்பும். கிளிப் டியூனர் மரத்தின் அதிர்வைப் பிடிப்பதால் சந்தைக்கடையிலும் சுருதி சேர்க்கலாம்.

கூடவே புதிய 9 வோல்ட் பேட்டரி ஒன்று. பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் கருவி) பொருத்திய பல கிட்டார்களில், கேபிள் செருகியிருக்கும் வரை உள்ளே அந்தச் சைகையைப் பெருக்கும் ப்ரீஆம்ப் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். இது தெரியாமல் முந்தைய இரவு கேபிளோடு சாய்த்து வைத்துவிட்டுப் போனேன். இரண்டாவது பாட்டின் சரணத்தில் ஒலி கரகரத்தது, பிறகு அடங்கியே போயிற்று. மீதியைக் கிட்டார் இல்லாமல் பாடி முடித்தேன். கைதட்டினார்கள், இரக்கத்தில்தான்.

4. மேடையில் முதல் ஒரு நிமிடம்

கேபிளைச் செருகும் முன், ஒலியைக் கவனிப்பவரிடம் அதை அடைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 'டப்' என்று வெடித்து, பாடுவதற்கு முன்பே எல்லோரும் உங்களை முறைப்பார்கள். ஒலி சரிபார்க்கும்போது முணுமுணுக்காமல், பாடப்போகும் அதே சத்தத்தில் குரல் கொடுங்கள். உங்கள் குரல் உங்களுக்கே கேட்கவில்லையா? "மானிட்டரில் குரலைக் கொஞ்சம் ஏற்றுங்கள்" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். பாடுபவருக்குக் கேட்பதற்காக அவரை நோக்கி வைத்த ஸ்பீக்கர்தான் மானிட்டர்.

மைக்குக்கும் உதட்டுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி போதும். நெருங்கினால் குரல் கனக்கும், விலகினால் மெலியும். திரைப்படங்களில் பார்த்துவிட்டு மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பவர்கள் உண்டு. பின்பக்க ஒலியைத் தவிர்க்கும் அதன் அமைப்பு அப்போது கெடுகிறது. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மீண்டும் மைக்கில் நுழைந்து, சுற்றிச் சுற்றிப் பெருகி, காதைக் கிழிக்கும் கீச்சொலியாகிவிடும். மைக்கோடு ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றாலும் இதே கதைதான்.

5. பாடுங்கள்

பதற்றத்தில் தாளம் ஓடும். வீட்டில் எடுப்பதைவிடச் சற்று நிதானமாகவே எடுங்கள். "தொண்டை சரியில்லை" என்ற முன்னுரை வேண்டாம். வரி மறந்தால் பல்லவிக்குத் திரும்பிவிடுங்கள், கேட்பவர்களுக்குத் தெரியாது. தைரியத்துக்காக ஒரு கோப்பை என்பதைப் பாடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முடிந்ததும் மேடையை விட்டு இறங்கிச் சுருதி, கேபிள் வேலைகளைப் பாருங்கள், அடுத்தவர் காத்திருக்கிறார். உடனே பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பட்டியலில் கடைசிப் பெயருக்குரியவர் பாடும்போது பெரும்பாலும் நாற்காலிகள்தான் கேட்டுக்கொண்டிருக்கும். அடுத்த வாரம் அந்த இடம் உங்களுக்கு வரலாம்.