குழு வாசிப்பில் நாம் செய்யும் தவறுகள்: முதலில் என்னுடையது

சென்ற வாரம் எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியை, இரண்டாம் வகுப்பில் ஐந்து பிள்ளைகளைப் பாயில் அரைவட்டமாக உட்காரவைத்து வாசிக்கவைத்தார். பின்னால் நின்று பார்த்தேன். பத்தே நிமிடத்தில் என் பழைய தவறுகள் வரிசையாக வந்துபோயின. லகர, ளகரக் குழப்பமெல்லாம் சிறிய விஷயம், அதை விட்டுவிடுகிறேன்.

எடுத்துக்கொடுப்பது

பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கி நிற்கிறது. இரண்டு நொடிகூட ஆவதில்லை, ஆசிரியர் சொல்லிவிடுகிறார். பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு நகர்கிறது. பார்ப்பவருக்குப் பிள்ளை வாசித்ததுபோல் இருக்கும்.

நானும் ஓராண்டு முழுக்க இதையே செய்தேன். ஒரு சிறுமி நன்றாக வாசிக்கிறாள் என்று அவள் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியும் இருந்தேன். ஒருநாள் எனக்குத் தொண்டை கட்டிக் குரல் எழவில்லை. அவள் 'கொக்கு' என்ற சொல்லில் நின்றாள். நிமிர்ந்து என் உதட்டைப் பார்த்தாள். அது அசையவில்லை. படத்தைப் பார்த்து 'நாரை' என்றாள். தலையாட்டி மறுத்தேன். ஒற்றைக்கொம்பையும் ககரத்தையும் சேர்த்து 'கெ' என்றாள், பிறகு பக்கத்தில் நின்ற துணைக்காலை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தாள். முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி, இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. அது எனக்கே தெரியாதபடி ஓராண்டாக நான் குறுக்கே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆண்டு முடிய ஒரு மாதம்தான் இருந்தது. இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

இப்போது மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுகிறேன். அப்போதும் வராவிட்டால் மற்ற எழுத்துகளை விரலால் மறைத்து, முதல் எழுத்தை மட்டும் காட்டுகிறேன். பக்கத்துப் பிள்ளை முந்திக்கொண்டு சொல்லிவிடும். அந்த வாயை அடக்குவதுதான் பெரும்பாடு.

கூட்டாகக் கத்துவது

நான்கு பேர் சத்தத்தில் ஐந்தாவது பிள்ளை வாயை மட்டும் அசைக்கும். அவரவர் முணுமுணுத்து வாசிக்கட்டும், நீங்கள் ஒவ்வொருவரிடமும் குனிந்து காதைக் கொடுங்கள்.

ஜூனில் பிரித்த குழு மார்ச்சிலும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளின் கற்றலை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் உண்டு; அரும்புதான் தொடக்க நிலை. ஒரு பையனிடம் பெயர் கேட்டேன். பெயரோடு, "நான் அரும்பு" என்றும் சொன்னான். மாதம் ஒருமுறையாவது குழுவைக் கலையுங்கள்.

கடினமான புத்தகம்

ஒரு பக்கத்தில் ஐந்தாறு இடத்தில் தடுக்கினால் மூடிவிட்டு வேறு எடுங்கள்.