மேட்ரிக்ஸில் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

மேட்ரிக்ஸ் என்பது திசுவில் செல்களுக்கு வெளியே நிரம்பியிருக்கும் நாரும் கூழும். இணைப்புத் திசு ஸ்லைடில் நார்களுக்கு நடுவே வெளுத்துத் தெரியும் பகுதியை வெற்றிடம் என்று குறிக்காதீர்கள். உயிருள்ள திசுவில் அங்கே நீரைப் பிடித்துவைத்த கூழ் இருந்தது. ஸ்லைடு தயாரிக்கையில் அதில் பெரும்பகுதி போய்விட்டது. வழக்கமான ஹீமட்டாக்ஸிலின்-இயோசின் சாயத்தில் எலாஸ்டிக் நாரும் ரெட்டிகுலார் நாரும் பிரிந்து தெரிவதில்லை. முன்னதற்கு ஆர்சீன் அல்லது வெர்ஹோஃப் சாயம் வேண்டும், பின்னதற்கு வெள்ளி. ரெட்டிகுலார் நார் தனிப் புரதமும் அல்ல, பெரும்பாலும் மேட்ரிக்ஸின் முக்கிய நார்ப்புரதமான கொலாஜனின் 3-ஆம் வகைதான்.

அதிக மார்க் போவது கொலாஜன் உருவாகும் வரிசையில். அதைத் தயாரிக்கும் செல்லான ஃபைப்ரோபிளாஸ்டுக்குள்ளேயே நார் முழுதாகத் தயாராகி வெளியே வருவதாகப் பலர் எழுதுகிறார்கள். செல்லுக்குள் நடப்பது புரதச் சங்கிலி தயாரிப்பு, அதிலுள்ள புரோலின், லைசின் என்ற அமினோ அமிலங்கள் மீது ஹைட்ராக்சில் சேர்ப்பு, மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொள்வது. அதுவரை அது புரோகொலாஜன். வெளியே வந்தபின்தான் இரு முனைகளும் வெட்டப்பட்டு, மூலக்கூறுகள் அடுக்கி இழையாகி, குறுக்குப் பிணைப்பு விழுகிறது. வைட்டமின் சி வேண்டியது உள்ளே, ஹைட்ராக்சில் சேர்ப்பில். செம்பு வேண்டியது வெளியே, குறுக்குப் பிணைப்பைத் தொடங்கும் நொதியான லைசில் ஆக்சிடேஸுக்கு. இரண்டையும் இடம் மாற்றினால், வைட்டமின் சி குறைபாட்டு நோயான ஸ்கர்வியில் ஈறில் ஏன் ரத்தம் கசிகிறது என்பதற்கும் விடை தவறும்: ஹைட்ராக்சில் குறைந்த முறுக்கு உடல் வெப்பத்தில் நிலைக்காது.

அடுத்த குழப்பம் பெயர்களால் வருவது. இரட்டைச் சர்க்கரை அலகு திரும்பத் திரும்ப வரும் நீண்ட சங்கிலிதான் கிளைக்கோஅமினோகிளைக்கான். அது மையப் புரதத்தோடு பிணைந்தால் புரோட்டியோகிளைக்கான். செல்லை மேட்ரிக்ஸோடு ஒட்டவைக்கும் ஃபைப்ரோனெக்டின் இரண்டும் அல்ல, கிளைக்கோபுரதம்; அதிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் குட்டையானவை, கிளைத்தவை. கிளைக்கோஅமினோகிளைக்கான்களில் ஹயலுரோனிக் அமிலம் விதிவிலக்கு: சல்ஃபேட் கிடையாது, மையப் புரதம் கிடையாது, உருவாகும் இடமும் செல்லுக்குள் உள்ள கோல்கை உறுப்பு அல்ல, செல் சவ்வு. குருத்தெலும்பின் புரோட்டியோகிளைக்கானான அக்ரிகன் ஒவ்வொன்றிலும் காண்ட்ராய்டின் சல்ஃபேட் என்ற கிளைக்கோஅமினோகிளைக்கானின் சுமார் 100 சங்கிலிகள் இருக்கும். அவற்றின் எதிர்மின்சுமை சோடியத்தையும் அதன் பின்னே நீரையும் இழுக்கும். அழுத்தத்தைத் தாங்குவது அந்த நீர், இழுவிசையைத் தாங்குவது கொலாஜன். கிளைக்கோஅமினோகிளைக்கான்களான ஹெப்பாரினையும் ஹெப்பரான் சல்ஃபேட்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்: முதலாவது, ஒவ்வாமையில் பங்குள்ள மாஸ்ட் செல்லின் துகள்களுக்குள், இரண்டாவது செல் பரப்பிலும் மேட்ரிக்ஸிலும்.

எலும்பு என்றாலே கால்சியம் என்று முடித்துவிடுபவர்கள், கோழிக்கால் எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறவைத்துப் பார்க்கலாம். தாது கரைந்தபின்னும் அதன் வடிவம் மாறாது, ரப்பர் போல வளையும். மிஞ்சியிருப்பது பெரும்பாலும் 1-ஆம் வகைக் கொலாஜன்.