அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்களை இணைய ஏலத்தில் எதிர்கொள்வது எப்படி?

ஈபே என்ற இணையச் சந்தையின் ஏலத்தில் ஒரு பழைய பிலிம் கேமராவைப் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வரும் முதல் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "60 டாலர் தருகிறேன், ஏலத்தை முடித்துவிட்டு எனக்கே கொடுத்துவிடுங்கள்." அதே கேமரா 170 டாலருக்குப் போவதை அறிந்தவருக்கு இதைப் படித்ததும் கோபம் வரும், அறியாதவருக்கோ, வந்த ஆளையும் விட்டுவிட்டால் வேறு யார் வாங்குவார் என்ற பயம் வரும். அடிமாட்டு விலைக்குக் கேட்பவர் தேடிக்கொண்டிருப்பது அந்த இரண்டாவது ஆளைத்தான். எனவே அவரைச் சமாளிக்கும் வேலையில் பாதியைப் பொருளை ஏலத்தில் போடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

முதலில் சந்தை விலையைத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற விற்பனையாளர்கள் போட்டிருக்கும் விலை அவர்களுடைய ஆசையைத்தான் காட்டும். உண்மையில் கைமாறிய தொகை தேடலில் 'சோல்டு ஐட்டம்ஸ்' (விற்றுப்போனவை) என்ற வடிகட்டியைத் தேர்ந்தால்தான் தெரியும். அங்கும் ஒரு நுணுக்கம் உண்டு: விலையின் மேல் கோடு அடிக்கப்பட்டிருந்தால், அந்தப் பொருள் பேரம் பேசி அதைவிடக் குறைந்த தொகைக்கு விற்றிருக்கிறது என்று பொருள். உங்களுடையதைப் போன்ற நிலையில் உள்ளவற்றை மட்டுமே ஒப்பிடுங்கள். லென்ஸில் பூஞ்சை படிந்த கேமராவும் சுத்தமான கேமராவும் ஒரே விலைக்குப் போகா. விதிவிலக்காக ஏறியும் இறங்கியும் நிற்கும் தொகைகளை ஒதுக்கிவிட்டு, நடுவில் இருப்பவற்றைக் கணக்கில் கொள்ளுங்கள்.

பிறகு, இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்ற தொகையை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அமெரிக்காவில் ஈபே தன் கட்டணத்தை அஞ்சல் செலவும் வரியும் சேர்ந்த மொத்தத் தொகையின்மீது கணக்கிடுவதால், கைக்கு வருவது விற்ற விலையைவிடக் கணிசமாகக் குறையும். அந்தக் கட்டணம், பெட்டி, அஞ்சல் எல்லாம் போக மிஞ்சும் தொகையை வைத்தே இந்த எல்லையை முடிவு செய்ய வேண்டும். எழுதி வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இரவு பதினொரு மணிக்குச் செய்தி வரும்போது மனக்கணக்கு தானாகவே இறங்கிவிடும்.

தொடக்க விலையை ஒரு டாலருக்கும் குறைவாக வைத்தால் கூட்டம் சேரும் என்பார்கள். ஒரே பொருளைப் பலர் தேடிக்கொண்டிருக்கும்போது அது சரிதான். ஆனால் தேடுபவர்கள் இரண்டு மூன்று பேரே உள்ள பொருளை அப்படிப் போட்டால், அடிமாட்டு விலைக்காரர் உங்களிடம் கேட்கவே வேண்டியதில்லை, ஏலமே அவருக்கு அந்த விலையைக் கொடுத்துவிடும். அத்தகைய பொருளுக்கு நீங்கள் எழுதி வைத்த எல்லையையே தொடக்க விலையாக வையுங்கள்.

வாங்குபவரே ஒரு விலையைச் சொல்லிக் கேட்கும் 'பெஸ்ட் ஆஃபர்' வசதியை ஏலத்தோடு சேர்க்கலாம். முதல் ஏலத்தொகை பதிவானவுடன் அது மறைந்துவிடும். என்னுடைய கருத்தில் ஏலத்துக்கு அது தேவையில்லை. நிலையான விலைக்கு விற்கும்போதுதான் அதற்குப் பயன் அதிகம், ஏனெனில் ஒரு தொகையைக் குறித்து வைத்தால் அதற்குக் கீழே வரும் கேள்விகளைத் தளமே நிராகரித்துவிடும், நீங்கள் அவற்றைப் பார்த்து மனம் நோக வேண்டியதில்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்துப் பேரம் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியக் கூடாது என்பதற்காகத்தான். ஏலமோ எல்லோரும் பார்க்க விலையை ஏற்றுவது. இரண்டையும் ஒரே பொருளுக்கு ஒரே நேரத்தில் வைத்தால் துண்டுக்குள் கைவிட்டவருக்கே லாபம்.

இனி வரும் செய்திகளைத் தரம் பிரிக்க வேண்டும். வாங்கி விற்கும் வியாபாரிக்குத் தன் லாபத்துக்கு இடம் வேண்டும், அதனால் பாதி விலைக்குக் கேட்பார். அதில் அவமதிப்பு ஒன்றுமில்லை. நூறு பேரிடம் கேட்டு ஒருவரிடமாவது கிடைக்காதா என்று பார்ப்பவரும் இருக்கிறார். இவர்களுக்கு ஒரே பதில் போதும்: "ஆர்வத்துக்கு நன்றி. ஏலம் ஞாயிறு மாலை முடிகிறது. உங்களால் இயன்ற தொகைக்கு ஏலத்திலேயே கேட்கலாம்." விலைக்கான நியாயத்தை விளக்கத் தொடங்கினால் அதுவே பேரத்துக்கு அழைப்பாகிவிடும். ஆனால் ஷட்டர் வேகம், வரிசை எண், பெட்டியில் என்னென்ன இருக்கின்றன என்று விசாரித்துவிட்டு விலை கேட்பவர் உண்மையில் வாங்க வந்தவர். அவர் சொல்லும் தொகை குறைவாக இருந்தாலும் கேள்விகளுக்கு முழுமையாகப் பதில் சொல்லுங்கள். பொருளை ஏலமில்லாமல் நிலையான விலைக்குப் போட்டிருந்தால், நடுவில் சந்திக்கும் தொகையைச் சொல்லாமல் உங்கள் விலையிலிருந்து சிறிதளவே இறங்கி எதிர்விலை கொடுங்கள்.

ஏலத்தைப் பாதியில் முடிக்கச் சொல்லும் கோரிக்கைக்கு மட்டும் இணங்காதீர்கள். ஒரு லென்ஸை அப்படி முதல் நாளிலேயே கொடுத்துவிட்டு, அதே வாரத்தில் அதே வகை லென்ஸ் ஏறக்குறைய இரு மடங்குக்குப் போனதைப் பார்த்தவன் நான். அவசரப்படுத்துபவர் மற்றவர்கள் கண்ணில் படுமுன் பொருளை எடுத்துக்கொள்ளத்தான் அவசரப்படுகிறார். நேரில் நடக்கும் ஏலத்தில் 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று இழுத்து அவகாசம் கொடுப்பார்கள்; ஈபேயில் கடிகாரம் முடிந்தால் முடிந்ததுதான் என்பதால், அனுபவமுள்ளவர்கள் கடைசி சில நொடிகளில்தான் தொகையைப் பதிவு செய்வார்கள். ஐந்து நாள் அசையாமல் கிடந்த விலையைப் பார்த்துக் கலங்க வேண்டாம். மேலும், ஏலத்தொகை வந்துவிட்ட பிறகு முடிவதற்கு 12 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால், அதிகம் கேட்டவருக்கு விற்காமல் ஏலத்தை நிறுத்த முடியாது.

தளத்துக்கு வெளியே பணம் தருகிறேன் என்பவரும், கேட்டதைவிட அதிகத் தொகைக்குக் காசோலை அனுப்பி மீதியைத் திருப்பித் தரச் சொல்பவரும் பேரத்துக்கு வந்தவர்கள் அல்லர், ஏமாற்ற வந்தவர்கள். புகார் செய்துவிட்டு, தடை செய்யப்பட்ட வாங்குவோர் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

யாரும் கேட்காமல் ஏலம் முடிந்தால் உடனே விலையைக் குறைக்காமல், தலைப்பில் மாடல் பெயர் சரியாக இருக்கிறதா, குறைகள் தெரியும்படி படங்கள் உள்ளனவா என்று பார்த்து மீண்டும் ஒருமுறை போடுங்கள். இரண்டாம் முறையும் ஆள் வரவில்லை என்றால் உங்கள் எல்லைதான் உயரமாக இருந்திருக்கலாம். அப்போது பழைய செய்திகளைத் திறந்து, 60 டாலர் என்றவரை விட்டுவிட்டு, ஷட்டரைப் பற்றி விசாரித்தவருக்கு எழுதிப் பாருங்கள்.