டென்யூருக்கான கோப்பு ஒன்றை முதல் வாரமே திறந்துவிடுங்கள்

டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருடம்தான் டென்யூர் கிடைத்தது. அம்மாவிடம் சொன்னதும், "பெர்மனன்ட் ஆயிடுச்சா?" என்றார். ஏறக்குறைய அதேதான். ஆனால் நம் ஆய்வு, பாடம், கடிதங்கள் எல்லாம் அடங்கிய கோப்பு ஆறாவது வருடம்தான் பரிசீலனைக்குப் போகும். மறுத்துவிட்டால் பெரும்பாலும் இன்னும் ஒரு வருடச் சம்பளம், அப்புறம் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

புதிதாகச் சேர்ந்திருந்தால், வேலை உத்தரவில் முதலில் கோப்பு எந்த வருடம் போக வேண்டும் என்று பாருங்கள். குழந்தை பிறந்தால் ஒரு வருடம் தள்ளிவைக்கப் பல இடங்களில் வழி உண்டு. மகள் பிறந்தபோது நான் கேட்கக் கூச்சப்பட்டேன். துறையின் மூத்த பேராசிரியை திட்டித்தான் படிவத்தை நிரப்ப வைத்தார்.

எச்1பி வேலை விசாவில் வந்தவர்களுக்கு இன்னொரு கெடுவும் உண்டு. கல்லூரி ஆசிரியர்களுக்கென்று இருக்கும் சுலபமான கிரீன் கார்டு வழியில் போக, நீங்கள் தேர்வான நாளிலிருந்து 18 மாதத்துக்குள் பல்கலைக்கழகம் லேபர் சர்டிபிகேஷனுக்கு (தொழிலாளர் துறையின் ஒப்புதலுக்கு) விண்ணப்பித்தாக வேண்டும். அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று சும்மா இருக்காதீர்கள்.

கோப்பில் எடை அதிகம், உங்கள் ஆய்வை மதிப்பிட்டு வெளியார் எழுதும் கடிதங்களுக்குத்தான். ஆய்வு வழிகாட்டியோ கூட எழுதியவர்களோ கொடுத்தால் எங்கள் துறையில் எடுபடாது. உங்களோடு ஒரு காபிகூடக் குடிக்காதவர், உங்கள் கட்டுரையைப் படித்திருக்க வேண்டும். இரண்டாம் வருடமே எக்செல்லில் 22 பெயர் எழுதினேன். கான்கிரீட்டுக்குள் உப்பு இறங்கிக் கம்பி துருப்பிடிப்பது என் விஷயம். கட்டுரை வந்ததும் இரண்டு வரி மெயிலோடு நாலைந்து பேருக்கு அனுப்புவேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. ஒருவர் மட்டும் மூன்றாவது வரைபடத்தில் அலகு தப்பு என்று எழுதினார். கடிதத்துக்கு யாரைக் கேட்கலாம் என்று துறை கேட்டபோது அவர் பெயரைத்தான் முதலில் எழுதிக் கொடுத்தேன்.

மாணவர் மதிப்பீடுகளை அந்தந்த செமஸ்டரே பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். மென்பொருள் மாறியதில் என்னுடைய முதல் வருடம் காணாமல் போனது.

சரி, இவ்வளவு பாடுபட இது என்ன பெரிய விஷயம்? 1900இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ராஸ் பேசியது, அதை நிறுவியவர்களில் ஒருவரான ஜேன் ஸ்டான்போர்டுக்குப் பிடிக்கவில்லை, ராஸின் வேலை போனது. ஆசியர்கள் குடியேறக் கூடாது என்பதும் ராஸின் பேச்சில் இருந்தது. அவர் சொன்னபடி நடந்திருந்தால் நான் இங்கே இல்லை. இருந்தாலும் பேச்சுக்காக வேலை போகக் கூடாது என்ற பக்கம்தான் நான். டென்யூர் அதற்கான காப்புதான்.

2023இல் டெக்சாஸ் செனட், புதிதாக வருபவர்களுக்கு டென்யூரே கிடையாது என்று மசோதா நிறைவேற்றியது. கீழவை மாற்றியதால் டென்யூர் பிழைத்தது. ஆனால் டென்யூர் பெற்றவரை எதற்கெல்லாம் நீக்கலாம் என்ற பட்டியல் சட்டத்தில் ஏறிவிட்டது. டென்யூருக்குப் பிறகும் மதிப்பீடு உண்டு. அதனால் டென்யூர் கிடைத்த கடிதம் வந்த அன்றே பழைய ஃபோல்டருக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று திறந்தேன். இப்போதைக்கு அதில் இந்த செமஸ்டர் பாடத்திட்டம் மட்டும் இருக்கிறது.