நாட்டு இணைகளின் ஸ்னூக்கர் உலகக் கோப்பை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அணிப் போட்டிக்குப் புதிதாகத் தேர்வாகும் இளம் இணைகளுடன் பயிற்சி மேசையருகே நிற்பது என் வேலை. தனியாட்டத்தில் நன்றாகத் தேறியவர்கள்தான் வருகிறார்கள். ஆயினும் முதல் அணிப் போட்டியில், எங்கள் தலைமுறை செய்து முடித்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். கியூ எனும் ஆட்டக் கோலைச் சரியாகப் பிடிப்பது, கழுத்துப் பட்டை அணிவது, நேரத்துக்கு வருவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை தெரியாதவர்கள் இந்தப் போட்டி வரை வருவதில்லை. தெரிந்தவர்களே தடுக்கி விழும் இடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

போட்டி முறையைப் படிக்காமல் வருவது

நாடுகளுக்கிடையிலான இந்தப் போட்டி 1979-இல் பர்மிங்காமில் தொடங்கியபோது அணிக்கு மூவர் ஆடினார்கள். ரே ரியர்டன், டெரி கிரிஃபித்ஸ், டக் மவுன்ட்ஜாய் ஆகியோர் அடங்கிய வேல்ஸ் அணி முதல் இரண்டு ஆண்டுகளும் கோப்பையை வென்றது. 1996-இல் பாங்காக்கில் ஸ்காட்லாந்து வென்றபோதும் ஸ்டீஃபன் ஹென்ட்ரி, ஜான் ஹிக்கின்ஸ், ஆலன் மெக்மேனஸ் என்று மூவர்தான். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2011-இல் மறுபடியும் பாங்காக்கில் போட்டி உயிர்பெற்றபோது அணிக்கு இருவர் என்றானது. 2015, 2017 ஆகிய ஆண்டுகளில் சீனத்தின் வூஷி நகரில் நடந்தபோதும் அதே முறை தொடர்ந்தது. மூவர் இருவரானதை வெறும் எண்ணிக்கைக் குறைப்பாகப் பார்ப்பவர்கள் அதன் விளைவைக் கணக்கில் எடுப்பதில்லை. மூவர் இருந்தால் ஒருவரின் மோசமான நாளை மற்ற இருவர் தாங்கிக்கொள்ளலாம். இருவர் மட்டுமே என்றால், ஐந்து ஃபிரேம்கள், அதாவது ஐந்து சிற்றாட்டங்கள், கொண்ட ஓர் ஆட்டத்தில் ஒவ்வொருவரும் இரண்டு ஒற்றையர் ஃபிரேம்களிலும் ஓர் இரட்டையர் ஃபிரேமிலும் ஆடியாக வேண்டும், ஒளிந்துகொள்ள இடமில்லை.

குழுச் சுற்றின் ஆட்டம் இப்படித்தான் அமைந்தது: முதலில் இரண்டு ஒற்றையர், நடுவில் ஓர் இரட்டையர், பிறகு எதிராளிகளை மாற்றிக்கொண்டு இரண்டு மாற்று ஒற்றையர். யார் முன்னிலையில் இருந்தாலும் ஐந்து ஃபிரேம்களும் ஆடப்பட்டன. குழுவில் இடத்தைத் தீர்மானித்தது எத்தனை ஆட்டங்களை வென்றோம் என்பதன்று, மொத்தம் எத்தனை ஃபிரேம்களை வென்றோம் என்பதுதான். அடுத்த தவறு முழுக்க முழுக்க இதிலிருந்து பிறக்கிறது.

3-0 ஆனதும் ஆட்டம் முடிந்துவிட்டதாக நினைப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது.

இளம் ஆட்டக்காரர்கள் வளர்வது பெரும்பாலும் வெளியேற்று முறைப் போட்டிகளில்தான். அங்கே ஐந்து ஃபிரேம் ஆட்டம் என்றால் மூன்றாவதை வென்றவுடன் கைகுலுக்கிவிட்டு வெளியேறலாம். மீதி இரண்டும் ஆடப்படுவதே இல்லை. அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிப்போயிருப்பதால், குழுச் சுற்றில் இரண்டு ஒற்றையரையும் இரட்டையரையும் வென்று 3-0 என்று முன்னிலை பெற்றவுடன் தோள்கள் தளர்ந்துவிடுகின்றன. அதற்குமுன் சேஃப்டி (எதிராளிக்கு எளிய வாய்ப்பு விடாத தற்காப்பு ஷாட்) ஆடியிருக்கக்கூடிய பந்தை நீண்ட தூரத்திலிருந்து பாக்கெட்டுக்கு அனுப்பிப் பார்க்கிறார்கள். பார்வையாளர்களின் கைதட்டலுக்காக வெள்ளைப் பந்தை மேசை விளிம்பான குஷன்கள் மூன்றில் சுற்றவிடுகிறார்கள். கேட்டால், "வென்றாகிவிட்டதே" என்கிறார்கள்.

வென்றது எதை என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 2015-லும் 2017-லும் இருபத்துநான்கு அணிகள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. குழுவுக்கு ஆறு அணிகள், ஒவ்வோர் அணிக்கும் ஐந்து ஆட்டங்கள், அதாவது 25 ஃபிரேம்கள். முதல் இரண்டு இடங்களைப் பிடித்தவர்களே காலிறுதிக்குச் சென்றார்கள். ஓர் அணி தன் ஐந்து ஆட்டங்களையும் 3-2 என்று வெல்வதாகக் கொள்வோம். அது தோல்வியே காணாத அணி. ஆனால் அதன் கையில் இருப்பவை 15 ஃபிரேம்கள். இன்னோர் அணி மூன்று ஆட்டங்களை 5-0 என்று வென்று, இரண்டு ஆட்டங்களில் 2-3 என்று தோற்பதாகக் கொள்வோம். இரண்டு முறை தோற்ற அந்த அணியிடம் 19 ஃபிரேம்கள் இருக்கும். தோல்வியே காணாதவர்கள் நான்கு ஃபிரேம் பின்தங்கி நிற்பார்கள். இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டும்போது தலையாட்டாத இணை கிடையாது. மேசைக்குப் போனதும் அதை நினைவில் வைத்திருக்கும் இணை அரிது.

நான் அருகிலிருந்து பார்த்த ஓர் இணையைச் சொல்ல வேண்டும். ஃபிரேம் கணக்கில் இடம் தீர்மானிக்கப்பட்ட ஒரு போட்டியில், குழுவிலேயே பலவீனமான அணிக்கெதிராக அவர்கள் 3-0 என்று முன்னிலை பெற்றார்கள். நான்காவது ஃபிரேமில் மூத்தவர் முப்பது புள்ளிகளுக்கு மேல் முன்னிலையில் இருந்தபோது, மேசையின் நடுவே திறந்து கிடந்த எளிய சிவப்புப் பந்தை விட்டுவிட்டு, இரட்டைக் குஷனில் இன்னொன்றை இறக்கப் பார்த்தார். அது தவறிய பிறகு எதிராளி மேசையை விட்டு விலகவே இல்லை. ஐந்தாவது ஃபிரேமில் இளையவர், தம் இணையரின் சிரிப்பைப் பார்த்து, தாமும் சிரித்துக்கொண்டே ஆடித் தோற்றார். அன்று மாலை அவர்கள் மகிழ்ச்சியாகவே இருந்தார்கள். குழுவின் கடைசி நாளில், அடுத்த சுற்றுக்குச் சென்ற அணிக்கும் அவர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒரே ஒரு ஃபிரேம். யாரோ ஒரு வலிமையான அணியிடம் தோற்ற ஆட்டத்தைத்தான் இருவரும் திரும்பத் திரும்ப அலசினார்கள். வென்ற ஆட்டத்தில் இழந்த இரண்டு ஃபிரேம்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

இழப்பு இரண்டோடு நிற்பதுமில்லை. 5-0 என்று முடிய வேண்டியது 3-2 என்று முடிந்தால் நமக்கு இரண்டு குறைகிறது, எதிரணிக்கு இரண்டு ஏறுகிறது. இரு அணிகளுக்கும் இடையிலான இடைவெளியில் நான்கு கரைகிறது. பலவீனமான அணி என்று நினைத்தது மூன்றாம் நாளில் நம் பக்கத்து இடத்தில் வந்து நிற்பது இப்படித்தான். தவிர, அதே அணியை வேர்க்க வேர்க்க ஆடி 4-1 என்று வென்ற மூன்றாவது அணிக்கும் நாம் அநீதி செய்கிறோம். முழு முயற்சியுடன் ஆடாத ஃபிரேம் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தோன்றும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சூதாட்டப் புகார்களால் பல ஆட்டக்காரர்களின் வாழ்க்கை முடிந்துபோன விளையாட்டு இது. கேளிக்கையாக ஆடினேன் என்ற விளக்கத்தை விசாரணைக் குழு முன்னால் சொல்ல நேரும் நிலையை எந்த ஆட்டக்காரரும் தேடிக்கொள்ளக் கூடாது.

இதன் மறுபக்கத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 0-3 என்று பின்தங்கிய அணிக்கு இன்னும் இரண்டு ஃபிரேம்கள் மீதமிருக்கின்றன. அவற்றை வென்றால், தோற்ற ஆட்டத்திலிருந்தும் எதிரணியை விட ஒன்று மட்டும் குறைவாகப் பெற்று வெளியேறலாம். வெளியேற்று முறையில் இந்த வாய்ப்பே கிடையாது. அனுபவமுள்ள இணைகள் இத்தகைய ஃபிரேம்களைத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுவார்கள். புதியவர்கள் அதற்குள் கியூவைத் திருகிப் பிரித்துப் பெட்டியில் வைக்கும் மனநிலைக்குப் போயிருப்பார்கள். என் அறிவுரை எளிமையானது: குழுச் சுற்றில் ஆட்ட முடிவை எழுதும் பழக்கத்தையே விட்டுவிட்டு, மொத்த ஃபிரேம் கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். நான் பொறுப்பேற்கும் இணைகளிடம் ஆட்டம் முடிந்ததும் வென்றீர்களா என்று கேட்பதில்லை. எத்தனை என்று மட்டும் கேட்கிறேன்.

இரட்டையர் வரிசையைப் பழக்கத்துக்கு விட்டுவிடுவது

நால்வர் ஆடும் ஃபிரேமில் ஆடும் வரிசை தொடக்கத்தில் முடிவாகிவிட்டால், அந்த ஃபிரேம் முடியும் வரை மாறாது. அடுத்த ஃபிரேமில்தான் மாற்றலாம். "நீ எப்போதும் முதலில் ஆடுவாய்" என்று பயிற்சியில் பழகிய வரிசையையே பலர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள். உண்மையில், யார் முதலில் ஆடுகிறார் என்பது சிறிய விஷயம். யாருக்குப் பின் யார் ஆடுகிறார் என்பதே பெரிய விஷயம். நால்வரையும் மாறி மாறி நிறுத்தினால் கிடைக்கும் சுழற்சிகள் இரண்டே இரண்டுதான். ஒன்றில் நம்மவருள் சேஃப்டியில் கெட்டிக்காரர், எதிரணியில் பெரிய பிரேக் (ஒரே முறையில் தொடர்ந்து புள்ளி சேர்ப்பது) ஆடுபவருக்கு முன்னால் நிற்பார். அந்தப் பெரிய ஆட்டக்காரர் ஃபிரேம் முழுவதும் நம் கெட்டிக்காரர் விட்டுவைத்ததையே சந்திக்க வேண்டியிருக்கும். மற்றொன்றில் நம் அவசரக்காரர் தவறவிட்ட பந்துகள் எல்லாம் அந்தப் பெரிய ஆட்டக்காரரின் மடியில் போய் விழும். பிரேக் ஆஃப் செய்யும், அதாவது ஃபிரேமைத் தொடங்கும், அணி தன் ஆளை அறிவித்த பிறகு எதிரணி தன் ஆளைச் சொல்வதாக இருந்தால், சுழற்சியைத் தீர்மானிப்பது அந்த எதிரணிதான் என்பதையும் கவனிக்க வேண்டும். முதலில் ஆடுவதைச் சலுகையாக நினைத்துத் தட்டிப் பறிப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

வரிசை மாறி ஆடினால் அது ஃபவுல். குறைந்தது நான்கு புள்ளிகள் எதிரணிக்குப் போகும். அதற்கும் மேலாக, எதிரணி மறுபடி ஆடச் சொன்னால் ஃபவுல் செய்தவரே ஆட வேண்டும். மூல வரிசை அப்படியே தொடர்வதால் அவருடைய இணையர் தம் முறையை இழக்கவும் நேரும். ஃபவுலுக்குப் பிறகு நடுவர் வெள்ளைப் பந்தைத் திரும்ப வைக்கும் சில நிமிடக் குழப்பத்தில்தான் பெரும்பாலும் இந்தத் தவறு நிகழ்கிறது. அந்த நேரத்தில் இருவரில் ஒருவராவது வரிசையை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

சில போட்டிகளில் முறைக்கு முறை என்றில்லாமல், இணையர் இருவரையும் ஷாட்டுக்கு ஷாட் மாறி ஆட வைப்பார்கள். அங்கே கணக்கே வேறு. வெள்ளைப் பந்தை நமக்கு வசதியான இடத்தில் நிறுத்துவது பயனற்றது; நம் இணையரின் உயரத்துக்கும் கைக்கும் எட்டும் இடத்தில் நிறுத்த வேண்டும். இடக்கை ஆட்டக்காரரோடு இணைந்த வலக்கை ஆட்டக்காரர் இதை முதல் நாளே உணர்ந்துவிடுவார். எந்த முறை என்பதைப் போட்டி விதிகளில் பார்க்காமல் மேசைக்கு வருவதை நான் மன்னிப்பதில்லை.

பேசக் கூடாத நேரத்தில் பேசுவது

இணையர்கள் ஃபிரேமின்போது கலந்துபேசலாம். ஒருவர் ஆடுபவராக மேசையருகே சென்றுவிட்ட பிறகு பேசக் கூடாது. அவருடைய முறையின் முதல் ஷாட்டிலிருந்து அந்த பிரேக் முடியும் வரையிலும் பேசக் கூடாது. தொண்டையைச் செருமுவது, புருவத்தை உயர்த்துவது எல்லாம் நடுவர் கண்ணில் படும்.

நாற்காலியில் ஆறிப்போவது

ஒற்றையரில் எதிராளி தவறினால் அடுத்த முறை நம்முடையது. இரட்டையரில் மூன்று பேரின் முறைகள் கடந்த பிறகுதான் மேசைக்குத் திரும்புகிறோம். அவர்கள் மூவரும் சேஃப்டியில் இறங்கிவிட்டால் காத்திருப்பு நீண்டுகொண்டே போகும். அதற்குள் கை ஆறிவிடும். விரிப்பின் வேகம் மறந்துபோகும். திரும்பி வந்து ஆடும் முதல் ஷாட் குறையாகவோ மிகையாகவோ போகும். இணையர் ஆடும்போது அவருடைய வெள்ளைப் பந்து எந்த வேகத்தில் புறப்பட்டு எங்கே நின்றது என்பதைத் தாமே ஆடியதைப்போல் பின்தொடர்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் முதல் ஷாட்டாக தொலைவிலுள்ள ஒரு பந்தைப் பாக்கெட்டில் இறக்க முயல்வதுதான் வேடிக்கை. எளிய சேஃப்டி ஒன்றை ஆடிக் கையைச் சூடாக்கிக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

இணையரிடம் ஓயாமல் மன்னிப்புக் கேட்பது

ஒருமுறை போதும்.

தரவரிசை எண்களைக் கூட்டி இணையைத் தீர்மானிப்பது

2015 இறுதியாட்டத்தில் ஒருபக்கம் நான்கு முறை உலகச் சாம்பியனான ஜான் ஹிக்கின்ஸும் ஸ்டீஃபன் மெக்வயரும் ஸ்காட்லாந்துக்காக நின்றார்கள். மறுபக்கம் போட்டியை நடத்திய சீனத்தின் இரண்டாவது அணி: பதினைந்து வயது யான் பிங்டாவ், பதினேழு வயது ஜோ யுவேலாங். முடிவு 4-1, சிறுவர்களுக்குச் சாதகமாக. பெயர்களை எடைபோட்டால் இப்படி நடந்திருக்கவே கூடாது. ஆனால் ஏழு ஃபிரேம்களில் நான்கை வெல்ல வேண்டிய குறுகிய ஆட்டத்தில், நீண்ட ஆட்டத்தில் மெல்ல மெல்ல மேலோங்கும் அனுபவத்துக்கு வேலை செய்யப் போதிய நேரம் கிடைப்பதில்லை. தேர்வாளர்கள் இதை மனத்தில் கொண்டு, முதல் ஃபிரேமிலிருந்தே சூடாக ஆடக்கூடியவரையும், இணையர் தவறும்போது முகம் சுளிக்காதவரையும் தேட வேண்டும்.

மறுபடி வைக்கப்படும் கறுப்புக்கு ஆளைத் தீர்மானிக்காமல் இருப்பது

இரட்டையர் ஃபிரேம் சமநிலையில் முடிந்து, வெற்றியைத் தீர்மானிக்கக் கறுப்புப் பந்து மட்டும் மறுபடி வைக்கப்பட்டால், முதலில் ஆடும் அணி தன் இருவரில் எவர் ஆடுவது என்பதைத் தேர்ந்துகொள்ளலாம். அதன்பின் அந்த ஃபிரேமின் வரிசையே தொடரும். ஆகவே நம் ஆளைத் தேர்வு செய்யும்போதே, அவருக்குப் பின் வரும் எதிராளியையும் தேர்வு செய்கிறோம். இதைப் போட்டிக்கு முன்னரே பேசி வைக்காத இணைகள், அரங்கம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, "நீ ஆடு", "இல்லை, நீயே ஆடு" என்று ஒருவரையொருவர் தள்ளிவிட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஆடப் போனவர் விருப்பமில்லாமல் போனவர். வெள்ளைப் பந்து கறுப்பை உரசிவிட்டு மேசையின் நடுவில் நின்றது, வரிசைப்படி அடுத்து எழுந்தவர் எதிரணியில் பந்தைப் பாக்கெட்டில் இறக்குவதில் சிறந்தவர்.